மருத்துவ மாணவருக்கு எந்த நோயியல் நூல்?

தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்துவிட்டால் அந்தச் செய்தி கோயிலுக்கும் கடைக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மாலை போடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், ஆளுக்குக் கொஞ்சம் பணமும் கொடுக்கிறார்கள். இதெல்லாம் நல்லதுதான். ஆனால், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என்ன படிக்கிறது, எந்த நூலை வைத்துப் படிக்கிறது என்று கேட்பார் இல்லை. கேட்டால் நமக்குப் புரியாது என்று விட்டுவிடுகிறோம். இன்றைய பேச்சில் அந்த நூல்களுள் ஒன்றைப் பற்றி, அதாவது நோயியல் நூலைப் பற்றிச் சொல்ல நினைக்கிறோம்.

நாம் மருத்துவர் அல்ல, தமிழ்ப்பள்ளி ஆசிரியர். இருந்தும் இதைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பையன் ஒருவன் மருத்துவக் கல்விக்குப் போனான். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுகிறவர். தாயார் பால்வெட்டுக்குப் போனவர். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில், மூத்த மாணவர் ஒருவர் பெரிய நோயியல் நூலைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதோடு இன்னும் இரண்டு புத்தகங்கள். கடனுதவிப் பணம் இன்னும் வந்து சேரவில்லை. தாயாரின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. புத்தகங்கள் வந்தன. பருவ விடுமுறைக்குப் பையன் வீட்டுக்கு வந்தபோது அந்தப் பெரிய நூலில் அடையாளச் சீட்டு இரண்டாம் அத்தியாயத்திலேயே இருந்தது. நோயியல் தேர்விலும் அவன் தேறவில்லை.

தகப்பனார் நம் வீட்டுக்கு வந்து, "சார், இவ்வளவு பெரிய புத்தகம் வாங்கிக் கொடுத்தும் பெயிலாயிட்டானே, மண்டையில ஏறலையா?" என்று கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டு வாசலில் நின்றான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நாம் அந்த நூலைத் திறந்து பார்த்தோம். முன்னாளில் நம்மிடம் படித்து இன்று மருத்துவராக இருப்பவர்களிடமும் கேட்டோம். குறை பையனின் மண்டையில் இல்லை என்பது சீக்கிரமே விளங்கிற்று.

முதலில் நோயியல் என்றால் என்ன என்று பார்ப்போம். மருத்துவ மாணவர்கள் இதைப் 'பெத்தாலஜி' என்பார்கள். ஆசுபத்திரியில் இரத்தம் எடுத்து, "பெத்தாலஜிக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது அந்தப் படிப்பின் ஒரு பகுதி மட்டுமே. பால்மரத்தை வைத்துச் சொன்னால் நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும். ஒரு மரத்தின் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிட்டது, அதில் சீராக வெட்ட முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுபவமுள்ள பால்வெட்டுக்காரர் நான்கு கேள்வி கேட்பார். இது எதனால் வந்தது? கத்தி ஆழமாகப் போனதால். உள்ளே என்ன நடந்தது? பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் புதுப்பட்டையை உண்டாக்குகிற மெல்லிய படலம் காயப்பட்டது. பார்த்தால் எப்படி இருக்கிறது? காயத்தின் மேல் பட்டை ஒழுங்கில்லாமல் முடிச்சுப் போட்டு வளர்ந்திருக்கிறது. அதனால் என்ன விளைவு? அடுத்த சுற்றில் அங்கே கோடு போட முடியாது, பால் குறையும். மனித உடம்பைப் பற்றி இதே நான்கு கேள்விகளையும் கேட்பதுதான் நோயியல். காரணம், உள்ளே நடப்பது, உறுப்பின் தோற்றம், நோயாளிக்கு வரும் தொல்லை. உலகத்தில் எந்த நோயியல் நூலை எடுத்தாலும் இந்த நான்கும் இருக்கும்.

உறுப்பை மட்டும் பார்த்தால் போதாது, உடம்பு கட்டப்பட்டிருக்கிற நுண்ணிய செல்லில்தான் நோயைத் தேட வேண்டும் என்று ஜெர்மனியில் ருடால்ப் வீர்ச்சோ என்ற அறிஞர் 1858-ஆம் ஆண்டு பெர்லினில் ஆற்றிய சொற்பொழிவுகளில் எடுத்துரைத்தார். அன்றிலிருந்து நுண்ணோக்காடி இந்தப் படிப்பின் பிரிக்க முடியாத கருவியாயிற்று. ஆகவே நோயியல் நூலில் எழுத்துக்கு எவ்வளவு இடம் உண்டோ, படத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு மதிப்பு உண்டு. இளஞ்சிவப்பும் ஊதாவுமாக அந்தப் பக்கங்களில் இருப்பவை அழகுக்காகப் போட்டவை அல்ல. சாயம் ஏற்றிய உடல் திசுவின் மெல்லிய சீவல்கள் அவை.

இந்தப் படிப்புக்கும் நம் தோட்ட மக்களுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் பலரைக் கொன்றது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், இதயம் தளர்ந்துவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களுக்கு இது மிகுதியாக வந்தது. தமிழ்த் தொழிலாளர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்து 1907-இல் ஒரு நூலே எழுதினார். தீட்டிய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளில் ஒரு பாதிக்கு வெள்ளை அரிசியும் மறு பாதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி கண்டது. பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர், குற்றம் நஞ்சில் இல்லை, அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு சத்தில்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். அந்தச் சத்தை இன்று வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் புழுங்கலரிசிச் சோறு பொங்கியது பழக்கத்தால். ஆனால் அது அவர்களைக் காத்தது. பிராடன் கவனித்தது சரி, சொன்ன காரணம் தவறு. நோய் வருவதைக் கண்டால் மட்டும் போதாது, உள்ளே நடப்பதையும் அறிய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குக் கிடைக்காது.

இனி நூல்களுக்கு வருவோம். பையனிடம் இருந்தது ராபின்ஸ் என்று மாணவர்கள் அழைக்கும் நூல். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் இருந்த ஸ்டான்லி ராபின்ஸ் என்ற பேராசிரியர் 1957-இல் ஒரு நோயியல் நூலை வெளியிட்டார். 1974-இல் அது 'நோய்களின் நோயியல் அடிப்படை' என்று பொருள்படும் புதிய பெயரோடு மீண்டும் உருவெடுத்தது. ராம்சி கோட்ரன் பின்னர் அதில் சேர்ந்தார். இருவரும் காலமான பிறகும் நூல் தொடர்ந்து வருகிறது. பத்தாம் பதிப்பு 2020-இல் வந்தது. அதன் ஆசிரியர்களில் முதற் பெயர் வினய் குமார். அவர் அமிர்தசரசில் மருத்துவம் படித்துப் பின்னர் சிக்காகோவில் நோயியல் துறைக்குத் தலைவரானவர். ஏறக்குறைய எல்லா நாட்டு மருத்துவ மாணவருக்கும் தெரிந்த நூல் இது. நூலில் குறை சொல்ல நமக்குத் தகுதியும் இல்லை, அவசியமும் இல்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த நூலில் 1,300 பக்கங்களுக்கு மேல். பெரிய பக்கம், சிறிய எழுத்து, இரண்டு பத்தி. நம் பையன் தமிழ்ப்பள்ளியில் தமிழில் படித்தான். இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழியில் படித்தான். மருத்துவ நூலோ ஆங்கிலம். இரவு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அகராதியும் கையுமாகப் பத்துப் பக்கம் போகும் என்றான். அப்படியானால் ஒரு நாள் விடாமல் படித்தாலும் 130 இரவுகள். அதுவும் ஒரு தடவை படிக்க. இதற்கிடையில் மருந்தியல் உண்டு, கிருமியியல் உண்டு, வாரத் தேர்வு உண்டு. இரண்டாம் அத்தியாயத்தில் அடையாளச் சீட்டு நின்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பையனிடம், "உங்கள் விரிவுரையாளர் இதை முழுதாகப் படிக்கச் சொன்னாரா?" என்று கேட்டோம். "இல்ல சார், சந்தேகம் வந்தா பாருங்கன்னுதான் சொன்னாரு" என்றான். இங்கேதான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. படிக்கும் நூல் ஒன்று. பார்த்துக்கொள்ளும் நூல் வேறு. தோட்டத்தில் காலைப் பெரட்டின்போது கிராணியார் கையில் வைத்திருப்பது சின்னக் குறிப்பேடு. ஆபீசில் அலமாரியில் இருப்பது செக்ரோல் என்னும் பெரிய பேரேடு. சம்பளக் கணக்கில் தகராறு வந்தால் பேரேட்டைத் திறப்பார். அதைத் தலையில் சுமந்துகொண்டு வெளிக்காட்டுக்குப் போகிற கிராணியாரை நாம் கண்டதில்லை. நம் பையன் பேரேட்டைச் சுமந்துகொண்டு போனான்.

நாமும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இதே தவற்றைச் செய்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தை உளவியல் பற்றிச் செங்கல் போன்ற ஒரு புத்தகத்தை முதல் மாத உதவித்தொகையில் வாங்கினோம். இன்றும் அது வீட்டில் இருக்கிறது. சன்னல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதைத்தான் வைக்கிறோம்.

அப்படியானால் எதைப் படிப்பது? ராபின்ஸ் வரிசையிலேயே நடுத்தர நூல் ஒன்று உண்டு. 'அடிப்படை நோயியல்' என்பது அதன் பெயரின் பொருள். முதலில் 1971-இல் வந்தது. அதுவும் எண்ணூறு பக்கத்துக்கு மேற்பட்டதுதான். ஆனால் மாணவன் தொடக்கம் முதல் முடிவு வரை படிப்பதற்கென்றே எழுதியது. இதைவிடச் சிறியதாகச் சட்டைப்பை நூல் என்று ஒன்றும் இருக்கிறது. அது பெரிய நூலின் சுருக்கம். படித்தவன் நினைவுபடுத்திக்கொள்ள உதவும், படிக்காதவனுக்கு விடுகதை போல இருக்கும். பிரிட்டிஷ் வழியில் வந்த நூல்களும் உண்டு. கிளாஸ்கோ பேராசிரியர் ராபர்ட் மியூர் 1924-இல் எழுதிய நூல் அவருக்குப் பின்னும் பலர் கைப்பட்டுத் திருத்தப்பட்டு வந்தது. 1992-இல் அண்டர்வுட் என்பவரின் நூல் வந்தது. அதன் ஆங்கிலம் நேரானது, விளக்கப் படங்கள் தெளிவானவை. மொழியால் தடுமாறும் பிள்ளைக்கு அதை ஒரு முறை புரட்டிப் பார்க்கச் சொல்லுவோம்.

நம் பிள்ளைகளில் சிலர் இந்தியாவுக்குப் போய்ப் படிக்கிறார்கள். அங்கே சண்டிகர் பேராசிரியர் ஹர்ஷ் மோகன் எழுதிய நூலைப் பலர் பயன்படுத்துகிறார்கள். தலைப்பு, உள்தலைப்பு, அட்டவணை என்று தேர்வுக்கு விடை எழுதத் தோதாக அமைந்தது அது. அங்கே நடக்கும் தேர்வுக்கு ஏற்றதுதான். ஆனால் அட்டவணையை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிட்டால் அந்த நான்கு கேள்விகளில் இரண்டாவது விடுபட்டுப் போகும் அபாயம் உண்டு. இதற்கு நூலைக் குறை சொல்ல முடியாது. படிக்கிறவன் அட்டவணைக்கு மேலும் கீழும் உள்ள பத்திகளையும் படிக்க வேண்டும். இப்போது மெலிந்த நூலோடு காணொளியும் சேர்ந்து வருகிற பாடங்களும் இருக்கின்றன. ஹுசைன் சத்தார் என்ற சிக்காகோ பேராசிரியரின் 'பெத்தோமா' என்பது அவற்றில் பெயர் பெற்றது. முதல் தடவை ஒரு பாடத்துக்குள் நுழைய அது நல்ல வாசல். வாசலிலேயே பாய் விரித்துப் படுத்துவிடலாகாது.

இத்தனை பெயர்களைச் சொல்லிவிட்டோம், இதில் எதை வாங்குவது என்று கேட்பீர்கள். பையனுக்கு நாம் சொன்ன வழி இதுதான். காசு கொடுக்கும் முன் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போ. மூன்று நூல்களை எடுத்து ஒரே மேசையில் வை. ஒரு நோயைத் தேர்ந்துகொள். அந்த ஒரு நோயை மூன்றிலும் படி. அவன் காசநோயைத் தேர்ந்துகொண்டான். அவனுடைய தாத்தா அதனால் இறந்தவர்.

காசநோய் இந்தச் சோதனைக்கு மிகப் பொருத்தம். அதன் கிருமியை ராபர்ட் கோக் என்பவர் 1882-இல் கண்டறிந்தார், அது காரணம். மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் கிருமியை உடம்பின் காவல் செல்கள் விழுங்கிவிடும், ஆனால் எளிதில் கொல்ல முடியாது. அந்த இடத்துக்கு மேலும் மேலும் செல்கள் வந்து சூழ்ந்து ஒரு சிறு முடிச்சாகக் கட்டிக்கொள்ளும். அந்த முடிச்சின் நடுப்பகுதி செத்து, பாலாடைக் கட்டி உதிர்வது போல் ஆகிவிடும். அது கரைந்து வெளியேறினால் நுரையீரலில் பொந்து விழும். இருமலில் இரத்தம் வருவது அதன் பிறகுதான். இந்தக் கதையை எந்த நூல் உனக்கு ஒரே மூச்சில் புரியவைக்கிறது என்று பார். மூடி வைத்துவிட்டு உன் சொல்லில், வேண்டுமானால் தமிழிலேயே, திருப்பிச் சொல். எந்த நூலைப் படித்தபின் சொல்ல வருகிறதோ அது உனக்கு உரிய நூல். பெரிய நூல்களில் காசநோய் ஓரிடத்தில் மட்டும் இராது. அழற்சியைப் பற்றிய பொதுப் பகுதியில் கொஞ்சம், நுரையீரல் அத்தியாயத்தில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். அதைத் தேடிச் சேர்க்கப் பின்பக்க அகரவரிசை நல்லதாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பார்த்துக்கொள்ளும் நூலுக்கு உயிர் அந்தப் பின்பக்கத்தில்தான்.

பழைய பதிப்பை வாங்கலாமா என்பதும் பல பெற்றோர் கேட்கும் கேள்வி. 1998-ஆம் ஆண்டின் இறுதியில் பேராக்கில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. அப்போதிருந்த நூலறிவை வைத்து அதைக் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் எண்ணினார்கள். கொசு மருந்து அடித்தும் தடுப்பூசி போட்டும் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அதுவரை உலகம் அறியாத ஒரு வைரசைப் பிரித்தெடுத்தார்கள். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் அது நிப்பா வைரஸ் ஆயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் இந்நாட்டில் மாண்டனர். 1998-இல் அச்சான எந்த நூலிலும் அந்த நோய் இருந்திருக்க முடியாது. அதற்காகப் பழைய நூலெல்லாம் குப்பை என்று சொல்லலாகாது. காயம் எப்படி ஆறுகிறது, வீக்கம் ஏன் வருகிறது என்பன போன்ற அடிப்படைகள் பதிப்புக்குப் பதிப்பு அதிகம் மாறுவதில்லை. புற்றுநோயின் வகைகளும் நோய் எதிர்ப்பைப் பற்றிய பகுதிகளும்தான் வேகமாக மாறுகின்றன. ஆகையால் ஒரு பதிப்பு பின்தங்கிய நூலைத் தாராளமாக வாங்கலாம் என்பது நம் கருத்து. மூன்று நான்கு பதிப்பு பழையதை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.

பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அட்டையின் உள்பக்கத்தில் சுரண்டிப் பார்க்கும் இரகசிய எண் ஒன்று இருக்கும். அதைக் கொண்டு நூலின் மின்பதிப்பைக் கணினியில் படிக்கலாம். ஒருவர் பயன்படுத்திவிட்டால் அடுத்தவருக்கு அது உதவாது. சுரண்டியிருந்தால் அதற்கேற்ப விலையைக் குறைத்துப் பேச வேண்டும். நம் பையனின் நூலில் அது சுரண்டப்பட்டிருந்தது. அவனுக்கு அது தெரியவே தெரியாது. கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்த நூலும் வேண்டாம். இளஞ்சிவப்பும் ஊதாவும் சாம்பலாகிவிட்டால் நோயியல் படத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை "இந்தப் புத்தகம் வேண்டும்" என்றால் உடனே நகையைக் கழற்றாதீர்கள்; "நூலகத்தில் இருக்கிறதா, அங்கே எத்தனை பக்கம் படித்தாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்குப் பதில் சொல்கிற பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாம். நம் பிள்ளைகளுக்கு மூத்த மாணவரிடமும் விரிவுரையாளரிடமும் போய்க் கேட்கக் கூச்சம் அதிகம். 'தோட்டத்துப் பையன், இதுகூடத் தெரியவில்லை' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தில் மற்றவர்கள் கையில் எது இருக்கிறதோ அதையே வாங்கிவிடுகிறார்கள். அப்படித்தான் சங்கிலியும் போயிற்று.

பையன் பெரிய நூலையும் மற்ற இரண்டையும் விற்றான். வாங்கிய விலை முழுதாகக் கிடைக்கவில்லை. நடுத்தர நூலின் முந்திய பதிப்பு ஒன்றை வாங்கினான். பெரிய நூலை இப்போது நூலகத்தில் பார்த்துக்கொள்கிறான். மறு தேர்வில் தேறினான். சிறப்பாக அல்ல, ஆனால் தேறினான். சங்கிலி அடகிலிருந்து மீள மேலும் ஏழு மாதம் ஆயிற்று.

தீபாவளிக்கு வந்தபோது நூலை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தான். தகப்பனாரும் கூடவே வந்தார். பெரிபெரியைப் பற்றி நாம் முன்பு அவரிடம் சொல்லியிருந்தோம். "நம்ம புழுங்கலரிசிக் கதை இதுல எங்கடா இருக்கு?" என்று கேட்டார். பையன் பின்பக்கத்தில் தேடி, வைட்டமின்களின் அட்டவணையைத் திறந்து, ஒரு வரியைத் தொட்டுக் காட்டினான். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த ஆங்கில எழுத்துகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா?" என்றார். "உள்ள இன்னும் இருக்குப்பா, படிச்சுச் சொல்றேன்" என்று பையன் பக்கத்தைப் புரட்டினான்.